உயரம் எவ்வளவு போதும்?
பழைய ஜீப் வைத்திருக்கும் மதுரை வட்டாரத்து அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பர்களே,



ஒரு காலத்தில் பஞ்சாயத்து யூனியன் அலுவலகங்களிலும் விவசாய இலாகாவிலும் ஊழியம் செய்து, பிறகு கழிக்கப்பட்டு ஏலத்துக்கு வந்து, யாரோ ஒருவர் வீட்டு வேப்பமரத்தடியில் துருவேறிக் கிடந்த மகிந்திரா ஜீப்களை இன்றைய இளைஞர்கள் தேடிச் சென்று வாங்கி, தகரம் தட்டி, வர்ணம் பூசி, யந்திரத்தைப் பிரித்துப் புதுப்பித்து, மீண்டும் சாலைக்குக் கொண்டுவருவதைக் காணும்போது எனக்கு உண்டாகும் மகிழ்ச்சி சாமானியமானதன்று. ஆனால் இந்த உற்சாகத்தோடு கூடவே ஒரு வழக்கமும் பரவி வருகிறது. வண்டி ஓடத் தொடங்கியதும் முதற்காரியமாகப் பெரிய டயர் மாட்டுகிறார்கள். அந்த டயர் மட்கார்டில் உரசுகிறது என்று வண்டியைத் தூக்கி வைக்கிறார்கள். பட்டறை வாசலில் இறங்கியவுடன் கேட்கப்படும் கேள்வி, "எத்தனை அங்குலம் தூக்கலாம்?" என்பதாக இருக்கிறது. வரிசையில் கடைசியாக வரவேண்டிய இந்தக் கேள்வி முதலில் கேட்கப்படுவதுதான் பின்னால் வரும் விபரீதங்களுக்கெல்லாம் காரணம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். எந்த நிலத்தில் ஓடப்போகிறது என்பது முதற்கேள்வி; அந்த நிலத்துக்கு எந்த டயர் உகந்தது என்பது அடுத்தது; அந்த டயர் எங்கும் இடிக்காமல் சுழல்வதற்கு எவ்வளவு இடம் குறைகிறது என்பது அதற்கும் அடுத்தது. இவற்றுக்கு விடை கிடைத்தபின் எஞ்சி நிற்கும் அற்பமான ஓர் அளவுதான் உயரம்.

ஜீப்பின் பிறப்பை நினைத்துப் பாருங்கள். 1940-ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்க ராணுவம் தனக்கு இன்ன லட்சணங்களோடு ஒரு சிறு வண்டி வேண்டும் என்று உற்பத்தியாளர்களுக்கு எழுதியபோது, அது இலேசாக இருக்கவேண்டும், நான்கு சக்கரங்களாலும் இழுக்கவேண்டும், எதிரியின் கண்ணுக்கு எளிதில் புலப்படாதபடி தாழ்வாக இருக்கவேண்டும் என்றே விதித்தது. அந்த வம்சத்தில் வந்தவையே, 1940களின் கடைசியில் பம்பாயில் ஒன்றுசேர்க்கப்படத் தொடங்கி, பிறகு சிஜே 3பி என்றும், எம்எம் 540 என்றும், வேறு பல பெயர்களிலும் நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்த ஜீப்கள். குறுகிய உடல், 6.00-16 என்ற அளவுள்ள ஒல்லியான டயர், அச்சுக்கு அடியில் வளைந்து கிடக்கும் கமான் பட்டைகள், இவையே ஜீப்பின் அமைப்பு. சேற்றிலும் மேட்டிலும் அது அடைந்த கீர்த்தி உயரத்தினால் வந்ததன்று. இலேசான உடலாலும், குறைந்த வேகக் கியராலும், பள்ளத்தில் இறங்கும் சக்கரத்தோடு கூடவே இறங்கிக் கொடுக்கும் கமானின் நெகிழ்ச்சியாலும் வந்தது.

இனிக் கணக்குக்கு வருவோம். பள்ளமும் கல்லும் நிறைந்த வழியில் ஒரு ஜீப் முதலில் தட்டும் இடம், அச்சின் நடுவில் உருண்டு தொங்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங். அந்த உருண்டைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டவல்லது டயர் ஒன்றேயாகும். நீங்கள் கமானை எவ்வளவு உயர்த்தினாலும், உடலுக்கும் சேஸுக்கும் நடுவே எவ்வளவு பெரிய கட்டைகளை வைத்தாலும், ஹவுசிங் இருந்த இடத்திலேயே இருக்கும். டயரால் கிடைப்பதும் விட்டத்தில் கூடியதில் பாதிதான். 6.00-16 டயரின் விட்டம் ஏறத்தாழ 28½ அங்குலம். அதற்கு அடுத்த 7.00-16 ஏறத்தாழ 30½ அங்குலம். ஆகவே மாற்றினால் ஹவுசிங்குக்குக் கீழே ஓர் அங்குலம் கூடும். இளைஞர்கள் பெரிதும் விரும்பும் 31 அங்குல விட்டமுள்ள அகல டயரோ பெயரளவில் இதைக் காட்டிலும் அரை அங்குலமே பெரிது, அதாவது ஹவுசிங்குக்குக் கிடைக்கும் அதிக லாபம் கால் அங்குலம். அந்தக் கால் அங்குலத்துக்காக 7 அங்குல அகலம் 10½ அங்குலமாகிறது. பழைய ரிம் பயன்படாமல் அகல ரிம் வாங்கவேண்டியதாகிறது. அகல ரிம் சக்கரத்தை வெளியே தள்ளுவதால், சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னும் வீல் பேரிங்கும் தங்களுக்கு விதிக்கப்படாத பாரத்தைத் தாங்குகின்றன. ஸ்டியரிங்கைத் திருப்பினால் உட்புறம் கமானிலும் வெளிப்புறம் மட்கார்டிலும் உரசுகிறது. உரசாமலிருக்க உயரம் தேவைப்படுகிறது. வண்டியை நாலங்குலம் தூக்கவேண்டிய அவசியத்தை உண்டாக்குவது பெரும்பாலும் டயரின் உயரமன்று, அதன் அகலமே என்பதை நீங்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும்.

அகலம் நமக்கு வேண்டுமா என்பதை நம் மண்ணிடம் கேட்போம். திருமங்கலத்துக்குத் தெற்கேயும் மேற்கேயும், கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கமெல்லாம் விரிந்து கிடப்பது கரிசல். ஐப்பசி கார்த்திகையில் இரண்டு நாள் மழை பெய்துவிட்டால், கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த அதே பூமி நீரைக் குடித்து ஊதி, காலில் ஒட்டினால் செருப்பையே பறித்துக்கொள்ளும் பசையாகிவிடுகிறது. அந்த மண்ணில் அகலமான டயர் மேலே மிதந்து வழுக்கும். அதன் பட்டன்களுக்கு நடுவே களிமண் அப்பிக்கொண்டு, நாலு சுற்றில் டயர் வழவழப்பான உருளையாகிவிடும். ஒல்லியான டயரோ அந்தச் சேற்றை அறுத்துக்கொண்டு அடியிலுள்ள கெட்டி மண்ணைத் தொட்டுப் பிடிக்கும். மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் இந்தச் சங்கடமே இல்லை; எந்த நல்ல டயரும் போதும். மணலில் மட்டும் அகலம் உதவும் என்பது மெய். ஆனால் அங்கும், காற்றை 15 அல்லது 18 பவுண்டு அளவுக்குக் குறைத்துக்கொண்டால் இருக்கிற டயரே தரையில் பரந்து படிந்து மணலைக் கடந்துவிடும். திரும்பித் தார்ச்சாலையில் ஏறுமுன் மறவாமல் காற்றை நிரப்பிக்கொள்ளவேண்டும் என்பது மட்டுமே அதற்குரிய நிபந்தனை.

மதுரைக்கும் ரப்பருக்கும் உள்ள பந்தம் பழமையானது. 1911-இல் டி. வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய ஸ்தாபனம் பஸ் போக்குவரத்தில் வளர்ந்து, இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது தானே வடிவமைத்த எரிவாயு யந்திரங்களைச் செய்து கொடுத்தும், டயர்களுக்குப் புது ரப்பர் ஏற்றும் தொழிற்சாலை நடத்தியும் வந்தது. மேலூர்ச் சாலையில் வெள்ளரிப்பட்டியில் இன்றும் டயர்கள் உற்பத்தியாகின்றன. தேய்ந்ததைச் சீர்செய்து, உள்ள பொருளின் முழுப் பயனையும் பெறுவது என்ற நல்ல மரபு இந்த ஊரின் மோட்டார்த் தொழிலில் ஊறியிருக்கிறது. ஜீப் விஷயத்திலும் அந்த மரபையே நான் நினைவூட்டுகிறேன்.

ஏனெனில், "என் வண்டி தாழ்வாக இருக்கிறது" என்று குறைப்படுகிறவர்களில் பெரும்பாலோருடைய ஜீப் தாழ்வாகப் பிறந்ததன்று. முப்பது நாற்பது ஆண்டுகள் பாரம் சுமந்து கமான் படுத்துவிட்டதால் தாழ்ந்தது. கமான் படுத்தால் வண்டி ஒன்றிரண்டு அங்குலம் இறங்குவது சகஜம். பெரும்பாலும் ஒரு பக்கம் அதிகமாகவும் இறங்கும். எனவே வண்டியை உயர்த்தும் எந்த லிஃப்ட் சாமானுக்கும் பணம் கொடுக்குமுன் கமான்களை இறக்கி, ஒவ்வொரு பட்டையையும் பிரித்து, வெடித்தவற்றை நீக்கி, மற்றவற்றை முறையாக வளைவு ஏற்றி, புதிய புஷ்களும் சென்டர் போல்ட்டும் யு போல்ட்டும் போட்டுப் பூட்டச் சொல்லுங்கள். பட்டையை உலையில் சிவக்கக் காய்ச்சி வளைத்து, அப்படியே ஆறவிட்டுக் கொடுக்கும் பட்டறைக்குப் போகாதீர்கள். உருக்கின் பதம் அதில் போய்விடுகிறது, சில மாதங்களில் கமான் மறுபடி படுத்துக்கொள்கிறது. பதமேற்றும் வசதி இல்லாத இடத்தில் புதிய கமான் வாங்கிப் போடுவதே சிலாக்கியம். இவ்வளவும் செய்து முடித்து, வண்டி தன் பிறவி உயரத்துக்கு வந்தபின், அளந்து பாருங்கள். ஒல்லியான டயர் போதும் என்று இருப்பவர்களில் பலருக்கு அதற்கு மேல் வேலையே இராது.

இன்னும் இடம் வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது பட்டறைகளில் சொல்லப்படும் மார்க்கங்கள் சில உண்டு. மலிவானது, கமானின் நுனியைச் சேஸோடு இணைக்கும் சாக்கிளை நீட்டுவது. இரண்டங்குலம் நீண்ட சாக்கிள் வண்டியை ஓர் அங்குலமே உயர்த்தும். அதோடு, முன் கமானின் சாக்கிள் முன்பக்கம் இருக்கும் நம் ஜீப்களில் அது அச்சையே முன்னோக்கிச் சாய்த்துவிடுகிறது. காஸ்டர் என்று சொல்லப்படும் கோணம் குறைந்து, ஸ்டியரிங் தானாக நேரே திரும்பிவராமல், வேகத்தில் வண்டி அலைபாயத் தொடங்குகிறது; தேய்ந்த கிங்பின்னும் சேர்ந்தால் முன்சக்கரங்கள் இரண்டும் உதறி, கையிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்கும். சாக்கிள் நீட்டியே தீரவேண்டுமென்றால், அச்சுக்கும் கமானுக்கும் நடுவே தகுந்த ஆப்பு வைத்து அந்தக் கோணத்தை மீட்டாக வேண்டும்.

உடலுக்கும் சேஸுக்கும் நடுவே கட்டை வைத்து உயர்த்துவது மற்றொன்று. ஓர் அங்குலத்துக்கு மேற்படாதவரை, நல்ல ரப்பரும் சரியான நீளப் போல்ட்டும் போட்டால், இது சாதுவான முறை. மூன்றங்குலம் என்று போனாலோ ஸ்டியரிங் தண்டு, கியர் லீவர், கிளட்ச் இணைப்பு எல்லாம் இழுபட்டு, ரேடியேட்டர் முகப்போடு சேர்ந்து உயர்ந்துவிட்டால் ஃபேன் காற்று அதன் கீழ்ப்பாதியில் மட்டும் பட்டு, சித்திரை வெயிலில் யந்திரம் கொதிக்கும். கூடுதல் பட்டை சேர்ப்பது மூன்றாவது. வண்டி உயரும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கமான் விறைத்துப்போகும். பள்ளத்தில் இறங்கவேண்டிய சக்கரம் அந்தரத்தில் நின்று சுழலும். எந்த நெகிழ்ச்சியால் ஜீப் ஜீப்பாக இருந்ததோ அதையே விற்று உயரத்தை வாங்குகிற வியாபாரம் இது.

கடைசியாக, அச்சுக்குக் கீழே இருக்கும் கமானை அச்சுக்கு மேலே கொண்டுபோய் வைக்கும் முறை. மாருதி ஜிப்சி வைத்திருப்பவர்கள் இதை அதிகமாக நாடுகிறார்கள். ஒரேயடியாக ஐந்தங்குலம்போல உயரும். அதன் பயனாக, கியர்ப் பெட்டியிலிருந்து அச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் மிகவும் சாய்ந்து, அதன் ஜாயிண்டுகள் அதிரத் தொடங்குகின்றன. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க் சரிந்து நிற்பதால், மேடு பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் ஸ்டியரிங் தானே திரும்புகிறது. பிரேக் ஹோஸ் இழுபட்டு, சக்கரம் முழுவதும் தொங்கும் சமயத்தில் அறுந்துபோகக்கூடும். ஷாக் அப்சார்பர் நீளம் போதாமல் அதுவே சக்கரத்தைத் தொங்கவிடாமல் கட்டிப்போடுகிறது. வேகமாக முடுக்கினால் கமான் எஸ் வடிவில் முறுக்கிக்கொள்கிறது. இவை ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் உண்டு. தேர்ந்த கைகள், எல்லாப் பரிகாரங்களையும் செய்து, பாறை ஏறும் பந்தயத்துக்கென்றே ஒரு வண்டியை இவ்விதம் அமைப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாரத்தில் ஆறு நாள் காளவாசலிலும் கோரிப்பாளையத்திலும் நெரிசலில் ஓடி, ஏழாம் நாள் ஒரு கண்மாய்க்கரை வரை போய்வரும் வண்டிக்கு இது எவ்விதத்திலும் தேவையற்றது.

கண்மாய்க்கரை என்றதும் சாய்வின் கணக்கைச் சொல்லவேண்டும். நம் கரைப் பாதைகள் குறுகியவை. ஒரு பக்கம் நீர், மறுபக்கம் வயல். மழைக்குப் பின் ஓரம் சரிந்து நிற்கும். உதாரணத்துக்கு, இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் நடுவே 50 அங்குலமும், தரையிலிருந்து பாரமையம் 26 அங்குலமும் உள்ள ஒரு வண்டி, அசையாமல் நிற்கையில் ஏறத்தாழ 44 பாகை சாய்ந்தால்தான் கவிழும். அதே பாரமையம் நாலங்குலம் உயர்ந்தால் 40 பாகைக்குள்ளேயே கவிழ்ந்துவிடும். இது நிற்கும் வண்டியின் கணக்கு. ஓடும் வண்டியில், கமான் ஒரு பக்கம் அமுங்க, பின்னால் நாலு பேர் உட்கார்ந்திருக்க, வளைவில் உந்துதலும் சேர்ந்துகொள்ள, எல்லை இன்னும் வெகுவாகக் குறையும். சிறுமலையின் பதினெட்டு வளைவுகளில் இறங்கும்போது இந்த நாலு பாகை யாருக்கும் உபரியாக இராது.

பெரிய டயரால் யந்திரத்துக்கும் பிரேக்குக்கும் நேர்வதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சிஜே 3பி முதலிய பழைய ஜீப்களில் அச்சின் பல் விகிதம் 5.38. 28½ அங்குலத்திலிருந்து 30½ அங்குலத்துக்குப் போனால் அது 5.03 ஆக இறங்கியதற்குச் சமம். மேட்டில் யந்திரம் திணறும், கிளட்ச் சீக்கிரம் தேயும், ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 64-இல் போய்க்கொண்டிருக்கும். பிரேக்கின் பிடியும் அதே விகிதத்தில் குறையும். ஆரம்ப கால ஜீப்களின் ஒன்பது அங்குல டிரம்கள் தங்கள் சொந்த டயரை நிறுத்தவே பிரயாசைப்படுகிறவை. ஆகவே டயருக்கு முன் பிரேக் என்பதை ஒரு விதியாகவே கொள்ளுங்கள்.

சட்டத்தையும் நாம் மறைக்கலாகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றிதழுக்கும் மாறுபடும்படியாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பதினைந்து ஆண்டுகள் கடந்த நம் வண்டிகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதி பார்க்கப்பட்டே பதிவு புதுப்பிக்கப்படுகின்றன. படுத்த கமானைப் பிறவி உயரத்துக்குக் கொண்டுவருவது மாற்றமன்று, பராமரிப்பு. அதற்கு மேல் ஓர் அங்குலமானாலும், வேறு அளவு டயரானாலும், முன்கூட்டியே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பித்து விடை பெற்றுக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் பழைய அளவிலேயே நல்ல பட்டன் டயர் போட்டுக்கொள்ளுங்கள்; நம் சமவெளியில் அதனால் போகமுடியாத வேலை மிகக் கொஞ்சம்.

தேனிப் பக்கத்து நண்பர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியுமுன் ஏலக்காய்த் தோட்டங்களுக்குத் தொழிலாளப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்களில் ஒன்றையும் எக்காரணத்தாலும் உயர்த்தாதீர்கள். போடிமெட்டு வளைவுகளில் அந்த வண்டியைக் காப்பது அதன் தாழ்வு ஒன்றே. பின் கமானில் பாரம் தாங்கவில்லையென்றால் ஆட்களைக் குறையுங்கள், பட்டையைக் கூட்டாதீர்கள். மதுரை நண்பர்களுக்கும் ஒன்று உண்டு: பெரிய டயர் வந்ததும் பாறை ஏறும் ஆசை வருவது இயற்கை. ஆனால் 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும், கீழக்குயில்குடிச் சமணர் மலையும், ஈரம் காயாத கண்மாய்க்கரைகளும் அந்த ஆசைக்குரிய இடங்கள் அல்ல. ஒரு கரையின் மண்ணை நாம் கிழித்துவிட்டுப் போனால், அடுத்த மழையில் அது உடைப்பெடுக்க, நஷ்டப்படுகிறவர் ஓர் ஏழை விவசாயி.

முடிவாக, அளக்கும் முறையைச் சொல்லி விடைபெறுகிறேன். கமான் சீரான பின், நீங்கள் விரும்பும் டயரில் ஒரு ஜோடியை இரவல் வாங்கி முன்னால் மாட்டுங்கள். ஒரு முன்சக்கரத்தையும் அதற்கு எதிர்மூலையிலுள்ள பின்சக்கரத்தையும் கெட்டியான மேட்டில் ஏற்றி, வண்டியில் வழக்கமாக வரும் ஆட்களை உட்காரவைத்து, ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிப் பாருங்கள். எங்கே உரசுகிறது, எவ்வளவு உரசுகிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் குறித்து, ஒரு தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள். பிரேக் ஹோஸ் எவ்வளவு இழுபடுகிறது என்பதையும் அப்போதே குனிந்து பாருங்கள். ஸ்டியரிங்கின் கடைசித் திருப்பத்தில் மட்டும் உரசினால் தடுப்பு போல்ட்டை ஒரு சுற்றுத் திருகினாலே தீரும். மேலே இடித்தால் இடிக்கும் அளவுக்கு மட்டும் உயரம் தேடுங்கள். அது ஒன்றரை அங்குலத்தைத் தாண்டினால் வண்டியை மாற்றாமல் டயரை மாற்றுங்கள். அந்தக் குறிப்புத்தாள் கையில் இல்லாமல் எந்தப் பட்டறையிலும் முன்பணம் கொடுக்காதீர்கள். பட்டறைக்காரர்களும், அளவு கேட்காமல் வேலையை ஒப்புக்கொள்ளவேண்டாம் என்று இரு கரம் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஜீப்களின்பால் நீங்காத அன்புள்ள,
மதுரைவாசி ஒருவன்